ஓரத்தில் எழுதாத கல்யாணம்

போன வாரம் ஆபீஸிலிருந்து பிரீத்தா போன் பண்ணினாள். நான் ஓய்வுபெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள்.

"மேடம், ஒரு சந்தேகம். ஒருத்தர் வந்திருக்காரு. எங்க கொள்ளுத்தாத்தா பேரு இதுதான்னு இணையக் கலைக்களஞ்சியத்துல இருந்து ஒரு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துட்டு வந்து நீட்டுறாரு. யாரு வேணா எழுதலாம், யாரு வேணா திருத்தலாம்னு இருக்குதே, அது. வாங்கி ஃபைல்ல வெக்கலாமா, திருப்பிக் குடுத்துடலாமா?"

"வாங்கி வை. சான்றுன்னு வெக்காத. அவரு குடுத்தாருன்னு வை."

"அதெல்லாம் நம்பலாமா மேடம்?"

அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். அந்தக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பொய் மூன்று மொழிகளில் சில வருஷம் உட்கார்ந்திருந்தது. அதைப் பெற்றுப் போட்டவள் நான்தான். பிரீத்தாவுக்கு அது தெரியாது. போனில் சொல்கிற விஷயமும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

புதுச்சேரியில் பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவேடு வைத்திருக்கும் அலுவலகங்களில் ஒன்றில் முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. இந்தக் கதையில் எங்களுக்குப் பெருமை கொஞ்சம், அசடு வழிந்தது நிறைய. நான் சேர்ந்தபோது ஓரளவு பிரெஞ்சு தெரிந்தவர்களாகப் பார்த்து எடுத்தார்கள். பழைய பதிவேடுகள் எல்லாம் பிரெஞ்சில்தான். பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு எனக்கு முதல் ஆறு மாதம் ஒன்றுக்கும் உதவவில்லை. அந்தக் காலத்து எழுத்தர்களின் கையெழுத்தைப் படிக்கப் பழகுவதற்குள் கண்ணாடி போட்டாகிவிட்டது.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் ஸ்தனிஸ்லாஸ். எல்லோருக்கும் அவர் முசியே, பிரெஞ்சில் ஐயா. சாரம் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தாலும், மார்க்கெட்டில் வாழைப்பூ வாங்கும்போது பார்த்தாலும் முசியேதான். முழுக்கை வெள்ளைச் சட்டை, யாருக்கும் இரவல் தராத மைப்பேனா. ஒரு பதிவை எழுதி முடித்ததும் தகவல் சொல்ல வந்தவருக்கு அதை உரக்க வாசித்துக் காட்டுவார், முதலில் பிரெஞ்சில், பிறகு தமிழில். குழந்தை பிறந்த சந்தோஷத்தில் வந்த அப்பன்கள் தவித்துப்போவார்கள். வாசித்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்பார். "யாரு பார்த்தது?" குழந்தை பிறந்ததை நீ பார்த்தாயா, உன் அம்மா பார்த்தாளா, மருத்துவச்சி பார்த்தாளா? பதில் வந்த பிறகுதான் கையெழுத்து.

என் முதல் பிழை இரண்டாவது மாதத்தில். குழந்தையின் அம்மா பெயர் வர வேண்டிய இடத்தில் அத்தை பெயரை எழுதிவிட்டேன். அத்தைதான் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள், பெயர் அப்படி விழுந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்று பிளேடை எடுத்து மெதுவாகச் சுரண்டப் போனேன். பக்கத்தின் மேல் ஒரு உள்ளங்கை வந்து விழுந்தது.

"மத்மசேல் ரேவதி. சுரண்டினா என்ன அர்த்தம் தெரியுமா? நான் தப்பே பண்ணலைன்னு இன்னொரு பொய் எழுதறேன்னு அர்த்தம்."

எனக்கு அப்போதே கல்யாணமாகி கைக்குழந்தை இருந்தது. அவர் ஓய்வுபெறும்வரை நான் மத்மசேல்தான், அதாவது கல்யாணமாகாத பெண். திருத்திப் பார்த்தேன், திருந்தவில்லை.

பிழையைத் திருத்தும் முறையை அன்றைக்குக் கற்றுக்கொடுத்தார். தவறான சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு. கீழே உள்ள எழுத்து படிக்கத் தெரிய வேண்டும். சரியான சொல்லை ஓரத்தில் எழுத வேண்டும். பதிவின் கடைசியில் 'அடித்த சொல் ஒன்று, செல்லாது' என்று எண்ணிக்கையை எழுத்தால் எழுதி, சம்பந்தப்பட்ட எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். நூறு வருஷம் கழித்து ஒருத்தன் வந்து பார்த்தாலும் யார் எந்த இடத்தில் சறுக்கினார்கள், யார் தூக்கிவிட்டார்கள் என்பது தெரிந்துபோகும். அந்த அத்தையைத் தேடிப் பிடித்துத் திரும்பக் கூட்டிவந்து கையெழுத்து வாங்கினேன். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இந்தக் கதை அதில்தான் நிற்கிறது. பிரெஞ்சு முறையில் ஒருவருடைய பிறப்புப் பதிவின் பக்கத்து ஓரத்தைக் காலியாக விடுவார்கள். பின்னால் அவருக்குக் கல்யாணம் ஆனால், எந்த ஊர் அலுவலகத்தில் பதிந்தார்களோ அவர்கள் பிறந்த ஊர் அலுவலகத்துக்கு ஒரு தாள் அனுப்ப வேண்டும். நாங்கள் அதைப் பார்த்து அந்த ஓரத்தில் குறிப்பு எழுதுவோம், இன்னாருடன், இன்ன ஊரில், இன்ன நாள் என்று. ஒரே பக்கத்தில் ஒரு மனிதனின் பாதி வாழ்க்கை இருக்கும். அந்த ஓரங்களைப் படிப்பதில் எனக்கு அலுப்பே வந்ததில்லை.

ஒரு தடவை ஒரு பெண்ணின் அப்பா வந்தார். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகவில்லை என்று எழுதித் தர வேண்டும் என்றார். நான் பதிவை எடுத்தேன், ஓரம் காலி. 'மணமாகாதவர்' என்று தட்டச்சு செய்து முசியேவிடம் நீட்டினேன். அவர் அந்தத் தாளை அடித்துவிட்டு வேறு எழுதச் சொன்னார். 'இந்தப் பதிவின் ஓரத்தில் குறிப்பு எதுவும் எழுதப்படவில்லை.'

"ரெண்டும் ஒண்ணுதானே முசியே?"

"எழுதலைன்னா எழுதலைன்னுதான் அர்த்தம். ஆகலைன்னு அர்த்தமில்ல. அந்தத் தாளு தபால்ல தொலைஞ்சிருக்கும். எழுத வேண்டியவன் டீ குடிக்கப் போயிருப்பான்."

எனக்குப் புரிந்தது. புரிந்தது மறந்துபோகாது என்று யார் சொன்னது?

முசியே ஓய்வுபெற்றுப் பல வருஷம் கழித்து, என் கடைசி ஐந்தாறு வருஷத்தில், அந்த இணையக் கலைக்களஞ்சியம் எனக்குப் பழக்கமானது. மகன் போனில் காட்டினான். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றதும் 'அப்போ குப்பைதான்' என்றேன். ஒரு நாள் மதியம் கத்தரிக்காய் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தபோது மேலே 'வரலாறு' என்று ஒரு சொல் இருந்தது. கத்தரிக்காயின் வரலாறு என்று நினைத்துத் தொட்டேன். வந்தது கட்டுரையின் வரலாறு. யார், எந்த நாள், எந்த மணிக்கு, எந்தச் சொல்லை எடுத்தார், எதை வைத்தார், எல்லாம் வரிசையாக. எடுத்த சொல்லும் அப்படியே படிக்கக் கிடைத்தது.

நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். எங்கள் ஆபீஸின் அடித்த சொற்கள்! உலகத்தில் முசியேவைத் தவிர வேறு யாரும் இதற்கு மெனக்கெட மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். இங்கே சம்பளம் இல்லாமல் ஒரு பட்டாளமே செய்துகொண்டிருந்தது.

அதன்பிறகு எனக்குக் கட்டுரையைவிட வரலாறுதான் சுவாரசியம். கடற்கரைச் சிலை ஒன்று கடலைப் பார்க்கிறதா, ஊரைப் பார்க்கிறதா என்று இரண்டு பேர் மாற்றி மாற்றித் திருத்தியிருந்தார்கள். இரண்டு பேரும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் 'உரையாடல்' என்று ஒரு பக்கம் உண்டு. அங்கே நடக்கும் சண்டைக்கு முன்னால் குழாயடிச் சண்டை தோற்றுப்போகும், ஆனால் எல்லாம் 'ஐயா', 'வணக்கம்' போட்டுத்தான். மதிய இடைவேளையில் சோற்றைப் பிசைந்துகொண்டே அதைப் படிப்பேன்.

அதே காலத்தில்தான் எங்கள் ஊர்க் கால்பந்துக் கழகம் ஒன்று ஆண்டுவிழா மலர் போட்டது. அந்தக் கழகத்தின் பழைய கோல்கீப்பர் மாசிலாமணி. குருசுக்குப்பத்தில் பிறந்த மீனவர் வீட்டுப் பிள்ளை. ஆட்டத்தை விட்ட பிறகு மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார், கழகத்தின் பின்கட்டு அறையில்தான் படுக்கை. மைதானத்திலேயே ஒரு நாள் மயங்கி விழுந்து போய்ச் சேர்ந்தார். அவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தர முடியுமா என்று கழகத்தார் கேட்டார்கள். பதிவேடு கையில் இருக்கும் ஆள் அல்லவா நான், தலைகால் புரியவில்லை.

பிறப்புப் பதிவை எடுத்தேன். ஓரம் காலி. இறப்புப் பதிவை எடுத்தேன். மனைவி பெயர் எழுத வேண்டிய இடமும் காலி. தகவல் சொன்னவர் கழகத்தின் செயலாளர், தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார். இரண்டு காலி இடங்களைக் கூட்டி ஒரு உண்மை செய்தேன். அது போதாதென்று அதற்குப் பூவும் வைத்தேன். 'மணம் புரியாமல், கடைசிவரை பந்துக்கே வாழ்க்கைப்பட்டவர்' என்று எழுதினேன். அந்த வரியை எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்துக்கொண்டது இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நான் ஓய்வுபெற ஒரு மாதம் இருக்கும்போது ஒரு காலையில் கஸ்தூரி வந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், காலாப்பட்டுக்குப் பக்கத்து மீனவ கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்து பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவள். வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தாள். கையில் போன்.

"மேடம், எங்கப்பாவுக்குக் கல்யாணமே ஆவலன்னு இதுல போட்டிருக்குது. நீங்கதான் கல்யாண ரிஜிஸ்தரு வெச்சிருக்கீங்களாமே? அப்பன்னா நான் யாரு?"

போனை வாங்கினேன். கலைக்களஞ்சியத்தில் மாசிலாமணிக்கு ஒரு கட்டுரை. அதில் என் வரி, பந்துக்கே வாழ்க்கைப்பட்டவர், ஒரு எழுத்து மாறாமல் இருந்தது. அடிக்குறிப்பில் மலரின் பெயர், பக்க எண், என் பெயர். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, என் பெயரைப் பார்த்து சந்தோஷப்பட்டேன். மனுஷ புத்தி. அப்புறம்தான் எதிரே நிற்பவளின் முகத்தைப் பார்த்தேன்.

அவள் சொன்னது இதுதான். அம்மா பாஞ்சாலி உயிரோடு இருக்கிறாள். கல்யாணம் நடந்தது அம்மாவின் கிராமத்தில், மாசிமகம் முடிந்த மூன்றாம் நாள். அப்பா வேலைக்காக டவுனில் தங்குவார், வாரம் ஒரு தடவை கிராமத்துக்கு வருவார். கல்யாணப் பத்திரம், போட்டோ எல்லாம் ஒரு புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது டிரங்குப்பெட்டியோடு போய்விட்டன. அப்பாவின் அண்ணன் குடும்பத்துக்கு ஆரம்பத்திலிருந்தே பாஞ்சாலியைப் பிடிக்காது. இப்போது மைதானத்தில் பார்வையாளர் மேடை கட்டி அதற்கு மாசிலாமணி பெயர் வைக்கப்போகிறார்கள். திறந்துவைக்க அண்ணன் மகனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாஞ்சாலியை ஏன் கூப்பிடவில்லை என்று கஸ்தூரி கேட்டதற்கு, அந்தப் பெரியப்பா மகன் போனை எடுத்து எல்லோர் எதிரிலும் இந்த வரியை வாசித்துக் காட்டியிருக்கிறான்.

"எங்கம்மா சேத்துக்கிட்டவளாம் மேடம். ஊருக்கே போனுல தெரியுதாம். எங்கம்மா மூணு நாளா சோறு திங்கல."

நான்தான் எழுதினேன் என்று அப்போது சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். "பார்க்கறேன்மா, நாலு நாள் குடு" என்றேன்.

மறுநாள் விடுப்புப் போட்டு, வடக்கே அந்தக் கிராமத்துக்கு உரிய பதிவு அலுவலகத்துக்குப் போனேன். பத்து வருஷத்துக்கு ஒருமுறை பெயர்களை அகரவரிசையில் அடுக்கிய அட்டவணை எல்லா அலுவலகத்திலும் உண்டு. பெரிய புயல் அடித்ததற்கு அடுத்த வருஷம் என்று பாஞ்சாலி சொன்னதாக கஸ்தூரி சொல்லியிருந்தாள். அதை வைத்துத் தேடினேன். மத்தியானத்துக்குள் கிடைத்துவிட்டது. மாசிலாமணி, மீனவர், குருசுக்குப்பத்தில் பிறந்தவர். பாஞ்சாலி, தொழில் இல்லை. இரண்டு சாட்சிகள், ஒருவர் கையெழுத்து, ஒருவர் கைநாட்டு. பாஞ்சாலியின் கைநாட்டு சின்னதாக, விரல் நுனி மட்டும் பட்டதுபோல இருந்தது. பதிவின் கீழே 'பிறந்த ஊருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும்' என்று பென்சிலால் எழுதியிருந்தார்கள். அனுப்பியதற்குக் குறிப்பு இல்லை. யாரோ டீ குடிக்கப் போயிருக்கிறான்.

சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து, கலைக்களஞ்சியத்தில் ஒரு கணக்கு தொடங்கி, என் வரியை எடுத்துவிட்டு 'பாஞ்சாலி என்பவரை மணந்தார்' என்று எழுதினேன். பத்து நிமிஷத்தில் பழைய வரி திரும்ப வந்துவிட்டது. திருப்பியவர் பெயர் வெள்ளாட்டுக்குட்டி. புனைபெயர்தான். 'சான்றுள்ள தகவல் நீக்கப்பட்டதால் மீளமைக்கப்பட்டது' என்று காரணம் போட்டிருந்தார்.

மறுபடி எழுதினேன், மறுபடி திருப்பினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உரையாடல் பக்கத்தில் போய், 'முப்பத்துநான்கு வருஷம் பதிவுத் துறையில் இருக்கிறேன், மூலப் பதிவேட்டை நானே கண்ணால் பார்த்தேன்' என்று எழுதினேன். அவர் பதில் போட்டார். 'வணக்கம் அம்மா. நீங்கள் பார்த்ததை நாங்கள் எப்படிப் பார்ப்பது? அச்சில் வெளிவந்த, யாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய சான்று வேண்டும். இப்போதுள்ள தகவல் ஒரு பதிவுத் துறை அலுவலர் எழுதிய கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது.'

ஆட்டுக்குட்டியிடம் குட்டு வாங்கினேன். இரண்டு நாள் பொருமினேன். மூன்றாம் நாள் அவர் கேட்டதை அமைதியாகத் திரும்பப் படித்தபோது, முசியேவின் கேள்விதான் அது என்று பட்டது. யார் பார்த்தது? எங்கள் பதிவேடு சரியானது, ஆனால் அது இரும்பு அலமாரியில் பிரெஞ்சில் கிடக்கிறது. மனு எழுதி, அரை நாள் காத்திருந்து, படிக்கத் தெரிந்த ஒருத்தியைப் பிடித்தால்தான் அது வாயைத் திறக்கும். கலைக்களஞ்சியம் மீன் மார்க்கெட்டில் நிற்பவள் கைக்கு ஒரு நொடியில், அவள் மொழியில் வந்துவிடுகிறது. ஆனால் அச்சில் வந்ததை மட்டும்தான் அதனால் பார்க்க முடியும். அச்சில் வந்தது என் பொய். பிரெஞ்சுப் பக்கத்தையும் ஆங்கிலப் பக்கத்தையும் திறந்து பார்த்தேன். அங்கேயும் மாசிலாமணி பந்துக்கு வாழ்க்கைப்பட்டிருந்தார். பிரெஞ்சில் அந்த வரி இன்னும் அழகாக இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

வழி ஒன்றுதான். எழுதியவளே, அதே கழகத்தின் வெளியீட்டில், நான் எழுதியது தப்பு என்று அச்சில் சொல்ல வேண்டும். கழகம் மாதாமாதம் நாலு பக்க மடல் ஒன்று போடும். அதிகாரியிடம் அனுமதி கேட்டேன். நல்ல மனுஷர், பயந்த மனுஷர். "ஆபீஸ் பேரு இதுல வர வேணாம் மேடம். இந்த மாசக் கடைசியில ரிட்டையர் ஆறீங்க. அப்புறம் உங்க சொந்தப் பேருல போட்டுக்குங்க. இத்தினி வருஷம் நல்ல பேரு எடுத்துட்டு, போறப்ப ஏன்?" என்றார். அந்த 'ஏன்' இரண்டு நாள் என் தலைக்குள்ளேயே சுற்றியது. பிரிவுபசார விழாவில் 'பிழையே இல்லாத ரேவதி மேடம்' என்று பேச ஒருத்தர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்.

கஸ்தூரியைக் கூப்பிட்டுச் சொன்னேன். பதிவு கிடைத்ததை முதலில் சொன்னேன், அவள் அழுதாள். பிறகு அந்த வரியை எழுதியது யார் என்று சொன்னேன். அழுகை நின்றுவிட்டது. கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்தாள்.

"எங்கம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன் மேடம். எழுதுனவங்க நீங்க. நீங்களே வந்து சொல்லுங்க."

சரி என்றேன். எல்லாம் சரியான பிறகு வருகிறேன் என்று நாளைத் தள்ளினேன்.

வடக்கு அலுவலகத்திலிருந்து, போக வேண்டிய காலத்தில் போகாத அந்த அறிவிப்புத் தாள், என் கடைசி வாரத்தில் முறைப்படி வந்து சேர்ந்தது. மாசிலாமணியின் பிறப்புப் பதிவை மேசையில் விரித்தேன். தாள் பழுப்பேறி ஓரம் உடையும் நிலை. அந்தக் காலி இடத்தில், பிரெஞ்சில், எண்களை எழுத்தால் எழுதி, பாஞ்சாலியின் பெயரை எழுதினேன். அதிகாரி கையெழுத்துப் போட்டார். நீதிமன்றத்தில் இருக்கும் இரண்டாவது பிரதிக்கும் தாள் போனது. அந்த அலுவலகத்தில் நான் எழுதிய கடைசிக் குறிப்பு அதுதான்.

ஓய்வுபெற்ற அடுத்த வாரம் மடலில் என் திருத்தம் வந்தது. மலரில் நான் எழுதியது தவறு, மாசிலாமணி பாஞ்சாலியை முறைப்படி மணந்தார், பதிவு இன்ன அலுவலகத்தில் உள்ளது, யாரும் மனுப்போட்டு நகல் பெறலாம் என்று பத்து வரி. இந்தத் தடவை பூ வைக்கவில்லை. மடலின் படத்தை உரையாடல் பக்கத்தில் வைத்தேன். வெள்ளாட்டுக்குட்டி அன்று மாலையே தமிழ்க் கட்டுரையைத் திருத்திவிட்டு, 'நன்றி அம்மா, தன் பிழையைத் தானே அச்சில் திருத்துபவர்கள் குறைவு' என்று எழுதினார். ஆங்கிலத்தையும் அவரே பார்த்துக்கொண்டார். பிரெஞ்சை நான் திருத்தினேன், ஆபீஸ் பிரெஞ்சில்.

கழகத்தார் புது அழைப்பிதழ் அடித்தார்கள். மேடையைத் திறந்துவைப்பவர் திருமதி பாஞ்சாலி மாசிலாமணி.

பிரீத்தா, நம்பலாமா என்று கேட்டாய். கட்டுரையைப் படித்ததோடு நிறுத்தாதே. அடிக்குறிப்பைப் பார், வரலாற்றைப் பார், உரையாடலைப் பார். அடிக்குறிப்பில் என்னைப்போல ஒரு பெரிய மனுஷி பெயர் இருந்தால், அவள் எதைப் பார்த்து எழுதினாள் என்று இன்னொரு தடவை பார். இவ்வளவும் பார்க்க அது உன்னை விடுகிறதே, அதுவரைக்கும் அது நம் அலமாரியைவிட மேல்.

விழாவுக்கு முதல் நாள் காலாப்பட்டுக்கு பஸ் ஏறினேன். இனிமேல் தள்ளிப்போட நாள் இல்லை.

பாஞ்சாலி வீட்டு வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். எழுபதைத் தாண்டியவள், குரல் மட்டும் மார்க்கெட் முழுக்கக் கேட்கும். கஸ்தூரி என்னைப் பார்த்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவிட்டு, கதவோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"ஆபீசும்மாவா நீ? உக்காரு. அந்தப் போனக் காட்டு, எம்பேரு வந்திருக்குதாமே."

திறந்து காட்டினேன். படிக்கத் தெரியாது, வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். 'பாஞ்சாலி' வந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டச் சொன்னாள். காட்டியதும் தானும் தொட்டாள். திரை ஓடியது, கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"முன்னாடி தப்பா இருந்திச்சே, அது எங்க? அழிச்சிட்டாங்களா?"

"அழிக்க மாட்டாங்கம்மா. உள்ள இருக்கும்."

"காட்டு."

வரலாற்றைத் திறந்தேன். பழைய வரி, எடுத்த நாள், எடுத்தவர் பெயர். வாசித்தேன். பந்துக்கே வாழ்க்கைப்பட்டவர் என்ற இடம் வரைக்கும்.

"யாரு எழுதுனது இத?"

கதவோரத்தில் கஸ்தூரி அசையவில்லை.

"நான்தாம்மா."

பாஞ்சாலி கருவாட்டுக் கையை முந்தானையில் துடைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இன்னாத்தப் பாத்து எழுதுன?"

"ரிஜிஸ்தரம்மா. அதுல உங்க பேரு இல்ல."

"அதுல இல்ல. சரி. அவுரப் பத்தி எழுதறமே, அவுரு கூட இருந்தவங்க யாருன்னு குப்பத்துல, மார்க்கெட்ல ஒருத்தரையும் கேக்கலியா நீ?"

"கேக்கலம்மா."

"ஏன்?"

முப்பத்துநான்கு வருஷம் எல்லோரையும் 'யார் பார்த்தது' என்று கேட்டவள் நான். "தோணலம்மா. தப்புதான்," என்றேன். அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

"ரிஜிஸ்தரு பேசாது. நான் பேசியிருப்பனே" என்றாள் பாஞ்சாலி.

பைக்குள் கைவிட்டு நோட்டையும் பேனாவையும் எடுத்தேன்.

"இப்பக் கேக்கறேம்மா. சொல்லுங்க, எழுதிக்கறேன்."

என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கருவாட்டு முறத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"மொதல்ல இத எழுதிக்க. அவுருக்குப் பந்துன்னா பயம். வேகமா வந்திச்சுன்னா கண்ண மூடிக்குவாரு. எனக்கு மட்டுந்தான் தெரியும்."